கூடலூர் ‘கிராம சேவைப் பயணம்’: காசு கொடுத்துப் போகலாமா?

ஆளுக்கு 18,500 ரூபாய். சென்னையிலிருந்து வேன், தங்குமிடம், மூன்று வேளைச் சாப்பாடு, ஒரு டீ-ஷர்ட், கடைசியில் ஒரு சான்றிதழ். பதிலுக்கு நாம் செய்ய வேண்டியது ‘பழங்குடி கிராமத்தில் சேவை’. நீலகிரி மாவட்டத்தில் கூடலூர், பந்தலூர் பக்கம் இருக்கும் பணியர் என்ற பழங்குடியினரின் குடியிருப்பு ஒன்றுக்கு அழைத்துப் போகிறார்கள். இந்த மாதிரி விளம்பரம் இன்ஸ்டாகிராமில் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது, போய் வந்தவர்கள் எழுதுவதெல்லாம் “வாழ்க்கையே மாறிவிட்டது” ரகம், அதனால் கொடுக்கிற காசுக்கு என்ன நடக்கிறது என்று யாரும் நேராகச் சொல்வதில்லை. நான் போய் வந்தேன். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இதே சரக்கை வேறு பெயரில் விற்கிறவர்களும் இருக்கிறார்கள், ஒருவரை மட்டும் பிடித்துத் திட்டினால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். ஊர்ப் பெயரும் வேண்டாம். அங்கே விருந்தாளிகள் ஏற்கெனவே அதிகம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பயணம் என்ற அளவில் பெரிய குறை இல்லை. வேன் சொன்ன நேரத்துக்கு வந்தது. நீலகிரிக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும் என்பதால் அதையும் அவர்களே எடுத்து வைத்திருந்தார்கள், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவராதீர்கள், சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று முன்பே வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டார்கள். ஊட்டி தாண்டி பைக்காரா, நடுவட்டம் வழியாகக் கூடலூருக்கு இறங்குகிற அந்த ஐம்பது கிலோமீட்டருக்கு மட்டுமே தனி டிக்கெட் போடலாம். தங்கியது தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் ஒரு ஹோம்ஸ்டே, வெந்நீர் வந்தது, கம்பளி சுத்தமாக இருந்தது. மதியச் சாப்பாட்டை மட்டும் குடியிருப்பிலேயே பெண்கள் குழு சமைத்தது: சோறு, மரவள்ளிக்கிழங்கு, ஒரு நாள் தகரைக் கீரை, அப்புறம் கட்டன் சாயா. கொடுத்த காசுக்கு வஞ்சகம் இல்லாதது அந்தச் சாப்பாடுதான். அட்டைக் கடிக்கு உப்பும் புகையிலைத் தூளும் கட்டிய துணிப்பொட்டலம் ஆளுக்கொன்று கொடுத்தார்கள், சின்ன விஷயம்தான், ஆனால் இதற்கெல்லாம் முன்யோசனை வேண்டும். இதுவரை ஐந்துக்கு நாலு தாராளமாகக் கொடுப்பேன்.

இனி சேவைக்கு வருகிறேன். வேனில் கொடுத்த விளக்கத் தாளில் ‘வெளியுலகம் அறியாத வெள்ளந்தி மக்கள்’ என்று அச்சிட்டிருந்தார்கள். எனக்கு அங்கேயே கொஞ்சம் இடித்தது. பணியர்கள் வெளியுலகத்தைப் பார்த்த அளவுக்கு நாம் பார்த்திருப்போமா என்பதே சந்தேகம். வயநாட்டில் மானந்தவாடிக்குப் பக்கத்தில் வள்ளியூர்க்காவு கோயில் திருவிழாவில் நிலக்காரர்கள் முன்பணம் கொடுத்து ஒரு வருடத்துக்கு இவர்களைக் கொத்தடிமையாக ஒப்பந்தம் பண்ணிக்கொண்டு போன காலம் தலைமுறை தலைமுறையாக நடந்திருக்கிறது, கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் தான் வந்தது. கூடலூர்ப் பக்கம் காடாக இருந்ததில் முதலில் தோட்டங்கள் வந்தன, பிறகு கேரளத்திலிருந்து குடியேறியவர்கள், பிறகு 1964 சாஸ்திரி-சிரிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய நம் மலையகத் தமிழர்கள், அவர்களுக்கு வேலை தர அரசு தொடங்கிய டான்டீ தேயிலைத் தோட்டங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. இடம் குறைந்தது மட்டும் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், இருளர் ஆகியோருக்கு. 1988 டிசம்பர் 5 அன்று பல ஆயிரம் ஆதிவாசிகள் நில உரிமை கேட்டுக் கூடலூர் டவுனுக்குள் ஊர்வலமாக வந்தார்கள், இன்றும் அந்தத் தேதியை அங்கே கொண்டாடுகிறார்கள். அப்படிப்பட்டவர்களைத்தான் விளக்கத் தாள் வெள்ளந்தி என்கிறது.

முதல் வேலை, அங்கன்வாடிச் சுவருக்கு வண்ணம் அடிப்பது. பழைய பெயின்டைச் சுரண்ட ஆளுக்கொரு தகடு கொடுத்தார்கள். ஜன்னலுக்குக் கீழே நான் சுரண்டிய இடத்தில் மேலே மஞ்சள், அதற்கடியில் வெளிர்நீலம், அதற்கும் அடியில் பச்சை, பச்சையின் மேல் பாதி பூவிதழ் ஒன்று. எதுவும் வெயிலில் வெளுத்துப் போகவில்லை, தகடு வழுக்கும் அளவுக்கு நன்றாகவே ஒட்டியிருந்தது. உறுதியாக நின்ற பெயின்டை இப்படி மெனக்கெட்டு உரித்துவிட்டு மேலே புதிதாக அடித்தோம். அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டேன், போன குழு வந்தபோது அடித்ததாம், அதற்கு முந்தைய குழுவும் அடித்ததாம். “வர்றவங்களுக்கு வேலை வேணும்ல சார்” என்று அவர் சாதாரணமாகச் சொன்னார், குத்திக்காட்டியதாகக்கூடத் தெரியவில்லை. அதே கட்டிடத்தின் பின்பக்கம் மழைநீர்க் குழாய் உடைந்து சுவரோரம் பாசி பிடித்துக் கிடந்தது. அதைச் சரிசெய்ய ஒரு பிளம்பரும் சில நூறு ரூபாய்க் குழாயும் போதும், ஆனால் அது போட்டோவில் வராது, அதனால் பட்டியலிலும் இல்லை.

சுவரில் என்ன வரைவது என்பதும் சென்னையிலேயே முடிவாகி அச்சுத் தாளாக வந்திருந்தது: தொப்பி போட்டுக்கொண்டு, பலூன் பிடித்துக்கொண்டு சிரிக்கிற யானை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் யானை பயத்தில் ஆள் வெளியே வராத ஊர் அது. பலாப்பழக் காலத்தில் வாசல்வரை வரும். நாங்கள் வரைந்து முடித்ததும் ஒரு பாட்டி வந்து நின்று பார்த்துவிட்டு அவர்கள் பாஷையில் என்னவோ சொன்னார், சுற்றி நின்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கூட வந்த இளைஞரிடம் கேட்டேன். “இதாவது நம்ம பலாவை விட்டுவைக்குமா” என்றாராம். அந்தப் பயணத்தில் நான் கேட்ட ஒரே நேர்மையான விமர்சனம் அதுதான்.

இதற்கும் அங்கேயே ஒரு மறுபக்கம் இருக்கிறது. கூடலூர் வட்டாரத்து ஆதிவாசிக் கலைஞர்கள், காட்டை அடைத்துக்கொண்டு வளர்கிற உண்ணிச்செடியின் தண்டை வேகவைத்து வளைத்து ஆளுயரத்துக்கு மேல் நிஜ அளவு யானைகள் செய்கிறார்கள். 2021-இல் லண்டன் பூங்காக்களில் அவை கூட்டமாக நின்றன, 2024-இல் நூறு யானைகள் அமெரிக்கா போய் ஊர் ஊராகச் சுற்றின. யானையை எப்படிச் செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்களின் ஊர்ப்பக்கத்தில் போய் நாங்கள் தொப்பி போட்ட யானையை அச்சு வைத்து வரைந்துவிட்டு வந்தோம். அவர்களிடம் ஒரு நாள் உட்கார்ந்து தண்டு சீவக் கற்றுக்கொள்ள 18,500 கேட்டிருந்தால் பேசாமல் கொடுத்திருப்பேன்.

இரண்டாவது வேலை பிள்ளைகளுக்கு ஆங்கிலம். பாடம் நடத்துகிறவர்கள் குழுவுக்குக் குழு மாறுகிறார்கள், பாடம் மாறுவதில்லை. நாங்கள் வாயைத் திறக்குமுன்பே வரிசையாக நின்று “மை நேம் இஸ்” என்று தொடங்கிவிட்டார்கள், நிறங்கள், பழங்கள், உடல் உறுப்புகள் எல்லாம் ஒரே மூச்சில் வந்தன. எங்கள் குழுவில் ஒரு பெண் அடுத்து என்ன செய்வது என்று கையிலிருந்த தாளைத் தேடியபோது முன்வரிசைச் சிறுமி ஒருத்தி, “அடுத்தது பலூன்க்கா” என்று சொல்லிக்கொடுத்தாள். வீட்டில் பணிய மொழி, வெளியே மலையாளமும் தமிழும், பள்ளியில் தமிழ் வழிப் பாடம் என்று ஏற்கெனவே பல மொழிகளுக்கு நடுவே நிற்கிற பிள்ளைகளுக்குத் தேவை தினமும் வருகிற ஒரே வாத்தியார். அவருக்கு அவர்கள் மொழியும் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. கூடலூரில் வித்யோதயா பள்ளி ஆதிவாசி இளைஞர்களையே ஆசிரியர்களாகப் பயிற்றி நடத்துவது இதனால்தான். இன்னொன்று, போட்டோ. பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு எடுத்த படங்கள் அன்று இரவே எல்லார் ஸ்டேட்டஸிலும் இருந்தன. பெற்றோரிடம் அனுமதி கேட்டார்களா என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டதற்கு “அவங்க ரொம்ப ஃப்ரெண்ட்லி சார்” என்றார். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. சென்னையில் ஒரு தனியார் பள்ளிக்குள் புகுந்து இப்படிப் படம் எடுத்தால் வாட்ச்மேன் காலரைப் பிடித்து வெளியே தள்ளுவார்.

மருத்துவ முகாம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்களோடு வந்த இரண்டு இளம் டாக்டர்கள் நல்லவர்கள், வேலையில் அக்கறை உள்ளவர்கள். சத்து மாத்திரை, பூச்சி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை என்று பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்திருந்தார்கள். பதினைந்து பதினாறு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள், கண் இமையை இழுத்துப் பார்த்தார்கள், வெளுத்திருந்தது, இரும்பு மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஊர்ச் சுகாதாரப் பணியாளர் அக்கா, அவரும் பணியர்தான், ஒரு நீள நோட்டைப் புரட்டிக்கொண்டே “இந்தப் பொண்ணுக்கு சிக்கிள் செல் இருக்கு சார், ஆஸ்பத்திரில டெஸ்ட் பாத்துட்டு அவங்க சொன்னா குடுக்கலாம்” என்றார். நோட்டில் வீட்டுக்கு ஒரு பக்கம். யாருக்கு நோய், யாருக்கு நோய் இல்லாமல் அதன் மரபணு மட்டும், கடைசியாக வலி வந்து எப்போது படுத்தார்கள், யார் கர்ப்பம், எல்லாம் பென்சிலில் இருந்தது.

தெரியாதவர்களுக்காக: சிக்கிள் செல் பரம்பரை நோய். ரத்தச் சிவப்பணு வட்டமாக இல்லாமல் அரிவாள் மாதிரி வளைந்துவிடும், சீக்கிரம் உடையும், சின்ன ரத்தக் குழாய்களில் அடைக்கும், எலும்பெல்லாம் தாங்க முடியாத வலி எடுக்கும். குளிர், காய்ச்சல், உடம்பில் தண்ணீர் குறைவது எல்லாம் அந்த வலியைத் தூண்டிவிடும். மலேரியா அதிகம் இருந்த பகுதிகளில் தலைமுறைகளாக வாழ்ந்த மக்களிடம் இது கூடுதலாக இருக்கிறது, நீலகிரி, வயநாடு ஆதிவாசிகளிடமும் அப்படித்தான். இந்த நோய் இருப்பவர்களுக்குச் சோகை வருவது அணுக்கள் உடைவதால், அதனால் வெளுப்பாக இருக்கிறது என்று பார்த்தவுடன் இரும்புச்சத்து கொடுத்துவிட முடியாது, ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு உடம்பில் இரும்பு ஏற்கெனவே தேங்கியிருக்கலாம். ஒன்றிய அரசு இதற்கென்று தேசிய இயக்கம் தொடங்கியது 2023 ஜூலையில். கூடலூரில் 1990-இலிருந்து நடக்கிற ஆதிவாசி மருத்துவமனை, அஷ்வினி அமைப்பினுடையது, அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே ஆதிவாசிப் பெண்களையே நர்ஸாகவும் ஊர்ப் பணியாளராகவும் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பிக்கொண்டிருந்தது. டாக்டர்கள் உடனே மாத்திரையைக் கீழே வைத்துவிட்டு அக்காவைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி அவர் நோட்டைப் பார்த்துத்தான் மீதி முகாமை நடத்தினார்கள், அவர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் அந்த அக்காவுக்கு அன்று காலைதான் முகாம் நடக்கிற தகவலே போயிருக்கிறது. வேறு வேலையாக அவர் கூடலூர் போயிருந்தால்?

பட்டியலில் இல்லாத ஒரு வேலையும் நடந்தது. எங்கள் குழுவில் வங்கியில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருந்தார். முழங்கால் வலி, ஏணியில் ஏற முடியாது, அதனால் பெயின்ட் வேலையிலிருந்து விலக்கு கொடுத்துத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டார்கள். சமைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து பாலிதீன் பையில் சுற்றிய பாஸ்புக்கை நீட்டி, நூறு நாள் வேலைக் காசு மாசக்கணக்கில் வரவில்லை, கொஞ்சம் பாருங்க என்றார். 2024 ஜனவரியிலிருந்து அந்தக் கூலி ஆதார் வழியாகத்தான் கணக்குக்குப் போகும் என்று ஆக்கிவிட்டார்கள். ஒருவருக்கு இரண்டு வங்கியில் கணக்கு இருந்தால், கடைசியாக எதில் ஆதாரை இணைத்தார்களோ அதற்குத்தான் பணம் போகும். இந்தப் பெண்ணுக்கு எப்போதோ ஒரு முகாமில் வேறு வங்கியில் கணக்குத் திறந்து கைரேகை வாங்கியிருக்கிறார்கள், அப்படி ஒரு கணக்கு இருப்பதே அவருக்கு நினைவில்லை. பெரியவர் அவருடைய செல்லிலேயே ஆதார் இணைப்பு எந்த வங்கியில் இருக்கிறது என்று பார்த்துச் சொன்னார். கூலி முழுவதும் அந்த மறந்துபோன கணக்கில் பத்திரமாக இருந்தது, யாரும் திருடவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

அவ்வளவுதான், அரை மணியில் திண்ணையில் வரிசை கட்டிவிட்டது. பெயரில் இன்ஷியல் முன்னால் ஒன்றில் பின்னால் ஒன்றில், பிறந்த வருடம் ஆதாரில் ஒன்று குடும்ப அட்டையில் ஒன்று, கேஒய்சி காலாவதி என்று முடங்கிய கணக்குகள். பெரியவர் ஒரு குயர் நோட்டை எடுத்து யார், எந்த வங்கி, என்ன கோளாறு, எந்த விண்ணப்பம் என்று எழுதி, வங்கிக் கிளைக்குக் கொடுக்க வேண்டிய கடிதங்களை அவர் கையாலேயே எழுதி ரேகை வாங்கினார். சாயங்காலம் ஒருங்கிணைப்பாளர் வந்து கேம்ப்ஃபயருக்கு நேரமாகிவிட்டது, வேன் நிற்கிறது என்றார். பெரியவர் கண்ணாடியைக் கூடக் கழற்றாமல் “நீங்க போய்க் கொளுத்துங்க தம்பி, நான் வரேன்” என்றார். மறுநாள் அவர் இரண்டு பெண்களோடு ஜீப்பில் வங்கிக்கே போய்விட்டார். சான்றிதழ் வழங்கும்போது அவர் இல்லை.

இப்போது காசு. எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர், ஆளுக்கு 18,500 என்றால் 2,22,000 ரூபாய். அந்தப் பக்கம் பெயின்ட் அடிப்பவருக்கு நாள் கூலி சுமார் ஆயிரம் என்று வைத்தால், அந்த அங்கன்வாடியை இரண்டு பேர் மூன்று நாளில் முடித்துவிடுவார்கள், ஆறாயிரம், பெயின்ட் தனி. குடியிருப்பிலேயே பெயின்ட் வேலைக்குப் போகிற பையன்கள் இருந்தார்கள், நாங்கள் அடிக்கும்போது அவர்கள் சுவரோரம் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது என்னவோ போலத்தான் இருந்தது. ஊருக்கு நேரடியாகப் போனது என்று என் கண்ணால் பார்த்தது மதியச் சாப்பாட்டுக் காசும், தேன் எடுக்கிற மரங்களைக் காட்டிக்கொண்டே தோட்டத்து வழியாக எங்களை நடத்திக் கூட்டிப்போன காட்டுநாயக்கர் அண்ணனுக்குக் கொடுத்ததும்தான். (அந்த நடை அருமை. மலைத்தேனீ எந்த மரத்தில் கட்டும், எதில் கட்டாது என்று பட்டையைத் தொட்டுப் பார்த்தே சொன்னார். அதற்கு மட்டும் ஐந்துக்கு ஐந்து.) மற்றபடி ‘கிராம வளர்ச்சி நிதி’ என்று ரசீதில் ஒரு வரி இருந்தது, தொகை போடவில்லை. ஊர் திரும்பியதும் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன்: அந்த நிதி எவ்வளவு, யாரிடம் கொடுக்கிறீர்கள், என்ன வேலை வேண்டும் என்று ஊரில் யாரைக் கேட்கிறீர்கள். அன்பான பதில் வந்தது, அடுத்த பயணத்துக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி கூப்பனோடு. கேள்விகளுக்கு விடை மட்டும் அதில் இல்லை.

போகிற பிள்ளைகளைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். வார விடுமுறையைச் செலவழித்து மழையில் நனைந்து சுவர் சுரண்ட வருகிறவர்களுக்கு நல்ல மனசு இருக்கிறது, அந்த மனசைத்தான் இவர்கள் பேக்கேஜ் போட்டு விற்கிறார்கள், எனக்குக் கோபம் அதில்தான். கல்லூரிப் பிள்ளைகள் இதை வேலை விண்ணப்பத்தில் போட்டுக்கொள்ள ஒரு வரி என்று எண்ணிப் போவதும் நடக்கிறது, நடக்கட்டும், ஆனால் அந்த வரிக்கு ஒரு அங்கன்வாடி மாசாமாசம் தோலுரிய வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால், மலையும் தேயிலையும் பார்க்க வேண்டுமென்றால் பயணமாகவே போங்கள், அந்த அண்ணனைப் போன்ற உள்ளூர் வழிகாட்டியை வைத்துக்கொண்டு காசை அவர் கையில் கொடுங்கள், தேனும் தேயிலையும் ஆதிவாசிகள் விற்கிற இடத்தில் வாங்குங்கள். கையில் தொழில் இருந்தால், அதாவது நர்ஸ், கணக்கர், வங்கிக்காரர், எலெக்ட்ரீஷியன், வன உரிமைச் சட்டம் 2006-இல் மனுப் போடத் தெரிந்த வக்கீல் என்று யாராக இருந்தாலும், அங்கேயே 1980களிலிருந்து ஆதிவாசிகளோடு வேலை செய்கிற அக்கார்டு, அதற்குப் பின் வந்த அஷ்வினி மாதிரி அமைப்புகளுக்கு முதலில் எழுதி, எங்களால் இது முடியும், உங்களுக்கு வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள், வருத்தப்படாதீர்கள். வேண்டும் என்றால் ஒரு வாரத்தில் முடிகிற வேலையாக இருக்காது என்பதற்கும் தயாராகப் போங்கள். அப்படியும் பேக்கேஜில்தான் போவேன் என்றால், பணம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: போன குழு என்ன வேலை செய்தது, அதற்கு முந்தைய குழு என்ன செய்தது? இரண்டுக்கும் “பெயின்டிங்” என்று பதில் வந்தால் புரிந்துகொள்ளலாம்.

பயணத்துக்கு நாலு நட்சத்திரம், சேவைக்கு ஒன்று, அந்த ஒன்றும் பெரியவருக்கும் நோட்டு வைத்திருந்த அக்காவுக்கும் சேர்த்து. கூப்பன் என்னிடம்தான் இருக்கிறது, பயன்படுத்தப்போவதில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மட்டும் எப்படியும் போகாதீர்கள், கூடலூரை அடுத்த தேவாலா பக்கம் மழை பெய்தால் நாள்கணக்கில் விடாது, நீங்கள் அடித்த பெயின்டும் காயாது.